உள்ளங்கையில் ஒரு சொட்டு

ஐந்து நிமிடம் ஊற வேண்டும் என்று டெனீஸ் எழுதிக் கொடுத்த தாளில் இருக்கிறது, நானோ அதற்குள் மூன்று தடவை கரண்டியை விட்டுப் பார்த்துவிட்டேன், பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கொடுத்துவைக்காத சமாச்சாரம், ஊறட்டும் பிலோமினா, ஜெலட்டின் எங்கேயும் ஓடிப்போகாது. மணி ஒன்று நாற்பது, கடைக்கு இன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன். வெளியே மைனஸ் இருபத்து நாலு. வின்னிபெக் டிசம்பருக்கு இதெல்லாம் ஒரு குளிரா என்று கடையில் எல்லோரும் சொல்வார்கள், பதினோரு வருஷமாகச் சொல்கிறார்கள், எனக்கு என்னவோ முதல் வருஷம் நடுங்கிய மாதிரியேதான் இன்னும் நடுங்குகிறது. மேஜை முழுக்க நாற்பது பிளாஸ்டிக் கிண்ணம். இருமல் மருந்து பாட்டிலின் மூடி அளவுதான் ஒவ்வொன்றும். அடியில் சிவப்பு அடுக்கு காலையிலேயே ஊற்றியாகிவிட்டது, தட்டோடு பால்கனிப் பனியில் கொஞ்ச நேரம் வைத்தேன், கப்பென்று இறுகிவிட்டது, இந்த ஊர்க் குளிரால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம். இனி மேலே வெள்ளை அடுக்கு. கண்டென்ஸ்டு மில்க், ஜெலட்டின், பெப்பர்மிண்ட் எசன்ஸ், அப்புறம் அது. அது அடுப்புக்கு அந்தப் பக்கம் எவர்சில்வர் செம்பில் இருக்கிறது. மேலே தட்டுப் போட்டு மூடி, தட்டின் மேல் கரண்டியும் வைத்து, தயிர் உறை ஊற்றிய மாதிரி. என் வீட்டுக்காரர் ஸ்டானி காலையில் அப்படி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் வேலை செய்கிறேன். பார்க்காமல் இருக்கிறேன் என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை நினைத்துக்கொள்வதும் பார்ப்பதும் ஒன்றுதானே. சரி, வெந்நீர் ஒரு கப், தாளில் அடுத்தது அதுதான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். போன வாரம் கடையில், மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற பின்னறையில், விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்று டெனீஸ் ஒரு தாளைச் சுற்றில் விட்டாள். டெனீஸ் எங்கள் மேனேஜர், நல்ல மனுஷி, விருந்து அவள் வீட்டில்தான், இன்றைக்கு ஆறு மணிக்கு. தாள் என்னிடம் வருவதற்குள் ரொட்டி, சீஸ், வான்கோழி எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான், பெப்பர்மிண்ட் ஷாட், ஒரே வாயில் விழுங்குகிற ஜெல்லி, வோட்காவோடு. அதுவும் அவளே என் பெயரைப் பக்கத்தில் எழுதி ஒரு சிரிக்கிற முகம் வேறு வரைந்திருந்தாள். எல்லாம் நான் போன வருஷம் பண்ணிக்கொண்டுபோன தூத்துக்குடி மக்ரூனால் வந்த வினை. முட்டை வெள்ளையை அடித்து முந்திரியைப் போட்டுக் கூர் கூராக நாற்பது பண்ணிக்கொண்டுபோனேன், அன்றிலிருந்து இனிப்பு என்றால் பிலோ. முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். என்ன சொல்வது? நான் குடித்துக்கொண்டிருந்தேன் என்பதே அவர்களுக்குத் தெரியாதபோது நிறுத்திவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அவ்வளவு சுத்தமாக மறைத்திருக்கிறேன். அதில் ஒரு கேவலமான பெருமைகூட எனக்கு இருந்தது, இருக்கட்டும், இப்போது அதை எதற்குக் கிளறிக்கொண்டு. ஸ்டானி சொன்னார், "வயித்து வலின்னு சொல்லிட்டுப் போவாம இருந்துரு." நான் கேட்கவில்லை. "அதுல என்ன இருக்கு, ஒரு மிட்டாய் மாதிரிதான, நான் செய்வேன்" என்றேன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. வீம்பு. இந்த வீம்பு என் அப்பாவிடமிருந்து வந்தது. ஸ்டானி அந்தச் செய்முறைத் தாளை வாங்கிப் படித்தார். அப்புறம், "சரி, அப்ப நான் அளந்து வச்சிட்டுப் போறேன்" என்றார். அளந்து செம்பில் ஊற்றிவிட்டு பாட்டிலைக் கையோடு எடுத்துக் காரின் பின்பக்கம் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அதை அன்பு என்று எடுத்துக்கொள்வதா, சந்தேகம் என்று எடுத்துக்கொள்வதா? காலையில் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு அவருக்குச் சாப்பாட்டு டப்பாவில் ஊறுகாய் வைக்கவில்லை. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. தயிர்சாதத்தை வெறுமனே தின்றிருப்பார்.

பாலும் ஜெலட்டினும் கரைந்துவிட்டன. இனி எசன்ஸ். மூடியைத் திறந்ததும் அப்படியே மூக்கில் ஏறிக்கொண்டது, ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லையே. வாரம் முழுக்க அந்தச் செம்பில் வரப்போவதை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன், இந்தச் சின்னக் குப்பியை நினைக்கவில்லை. பெப்பர்மிண்ட் வாசனைதான் என் வாசனை. இரண்டு வருஷம் என் வாயில் இருந்த வாசனை. அப்பா இறந்த வருஷம் அது. கொரோனாக் காலம், விமானம் இல்லை, விசா இல்லை, அடக்கத்தைப் போனில் பார்த்தேன், தம்பி போனைத் தூக்கிப் பிடித்திருந்தான், கை ஆடிக்கொண்டே இருந்தது, அப்பா முகத்தைவிடக் கல்லறைத் தோட்டத்துச் சுவரைத்தான் அதிக நேரம் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரம் கடையில் யாரோ பரிசாகக் கொடுத்த ஒரு பாட்டிலைத் திறந்தேன். எனக்கு ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும், இரண்டரைக்கு வீட்டில் இருப்பேன், மகள் ஜோவிதாவின் பள்ளிக்கூட பஸ் மூன்று ஐம்பதுக்கு வரும். நடுவில் அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. அழுவதற்கு என்று வைத்துக்கொண்ட நேரம், அப்புறம் அழுகை நின்றுபோயும் அது மட்டும் நிற்கவில்லை. மூன்றரைக்கு டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன், பெப்பர்மிண்ட் மிட்டாய் இரண்டை வாயில் போட்டுக்கொள்வேன், பஸ் வரும், பிள்ளை வரும், கட்டிக்கொள்வேன். பிள்ளைக்கு அம்மா என்றாலே அந்த வாசனை. இன்றைக்கும் அதே நேரம்தான் நெருங்கிக்கொண்டிருக்கிறது. வீடு முழுக்க அந்த வாசனை. அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தால் என்ன நினைப்பாள்? பன்னிரண்டு வயது. ஒன்றும் கேட்க மாட்டாள், அதுதான் எனக்குத் தாங்காது. பல்பசைகூட கிராம்பு போட்டதுதான் வேண்டும் என்று மாற்றிவிட்டாள், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன். குளிர் முகத்தில் அறைந்தது. வாசனை போகவில்லை, குளிர்ந்த பெப்பர்மிண்ட் வாசனையாக மாறியதுதான் மிச்சம். கதவைச் சாத்து, கால் விறைக்கிறது.

அவள்தான் கண்டுபிடித்தாள், பாவம், கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தா கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்தில் எரிமலை செய்யச் சொல்லியிருந்தார்கள். களிமண்ணைக் குவித்து நடுவில் குழி பண்ணி, சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால் நுரை பொங்க வேண்டும். அலமாரியில் வினிகர் பாட்டிலை எடுத்து ஊற்றினாள். பொங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அப்போதும் பொங்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டானியிடம் போய், "அப்பா, இந்த வினிகர் கெட்டுப்போச்சு, வேலையே செய்யல" என்று பாட்டிலை நீட்டினாள். நான் இங்கே, இதே இடத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். அவர் முகர்ந்து பார்த்தார். வினிகரும் வோட்காவும் பார்வைக்கு ஒன்றுதான், அந்தப் பாட்டிலில் ஊற்றி வைத்த என் சாமர்த்தியமே அதுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையிடம், "ஆமா மக்கா, கெட்டுப்போச்சு. வா, கடைக்குப் போய் வேற வாங்கிட்டு வருவோம்" என்றார். போய் வாங்கிவந்து, எரிமலையைப் பொங்கவைத்து, அவள் கைதட்டிச் சிரித்து, எல்லாம் முடிந்தபிறகுதான் என்னிடம் வந்தார். அதுவும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். "ஏட்டி, எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். நான் பொய் சொன்னேன், பத்து நாள் என்றேன். அப்புறம் உண்மையைச் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. அதற்கப்புறம் குடியை விட்டவர்களின் புதன்கிழமைக் கூட்டம், நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, இங்கிலீஷில் அழுவது எனக்கு வராது, பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பிள்ளையிடம் அவர் எப்படிச் சொன்னாரோ தெரியாது. ஒருநாள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பலகையில் ஓர் எண் இருந்தது. மறுநாள் ஒன்று கூடியிருந்தது. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அவள்தான் மாற்றுகிறாள். இன்றைக்கு முந்நூற்றுப் பதினொன்று.

சரி, செம்பு. தட்டை எடுத்துத்தானே ஆகவேண்டும். எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் மாதிரி இருக்கிறது, வாசனைகூட பெப்பர்மிண்டுக்கு முன்னால் அவ்வளவாக எழும்பவில்லை. பார்த்தியா பிலோமினா, இவ்வளவுதான், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம். பால் கலவை ஆறியிருக்கிறதா என்று பாத்திரத்தின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் அளந்து ஊற்றிக் கிளறினேன்.  மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. சாயங்காலம் அவரிடம், பாருங்க, ஒண்ணும் ஆகலை, சும்மா பயந்தீங்க என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன், எந்தச் சேலை கட்டலாம், அந்தப் பச்சைச் சேலைக்கு மேல் குளிர்க் கோட்டைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மேலே தூவுகிற மிட்டாயை எப்போது இடிப்பது, இப்போதே இடித்தால் கசிந்துவிடுமே என்று நினைத்தேன். டெனீஸுக்கு இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும். நினைத்துக்கொண்டே கரண்டியை எடுத்து, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கினேன். சீனி போதும். சீனி போதும் என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகுதான் கரண்டி கையில் அப்படியே நின்றது.

குழம்பானாலும் பாயசமானாலும் கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் நான் எதை இறக்கியிருக்கிறேன்? பன்னிரண்டு வயதில் அடுப்படிக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கை இதைச் செய்கிறது, என்னைக் கேட்டா செய்கிறது? இந்த ஊர்க்காரி எவளாவது சின்னக் கரண்டி தேடி, கழுவி, ருசி பார்த்திருப்பாள், தேடுகிற நேரத்தில் ஞாபகம் வந்திருக்கும். எனக்குக் கரண்டி என் கையிலேயே இருக்கிறது. துப்பியிருக்கலாம், துப்பவில்லை, அதற்குள் இறங்கிவிட்டது. ஒரு சொட்டு. சொட்டில் முக்கால்வாசி பால். கால்வாசியில் பாதி தண்ணீர். இருமல் மருந்தில் இதைவிட அதிகம் இருக்கும். பூசையில் திராட்சை ரசம் கொடுத்தபோதுகூட அதை விட்டுவிட்டு அப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவள் நான், முந்நூற்றுப் பதினோரு நாள். இது கணக்கில் சேருமா? சேராது. தெரியாமல் செய்தது பாவமில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தந்தார்கள், முழு அறிவும் முழு மனச் சம்மதமும் வேண்டும். முழு அறிவு இல்லை. சரி, மனச் சம்மதம்? நக்கும்போது இல்லை. இப்போது? இப்போது நாக்கின் ஓரத்தில், கடைவாய்ப் பக்கம், அந்தச் சூடு இருக்கிறதே, சின்னதாக, அதை ஏன் தண்ணீர் குடித்துக் கழுவாமல் நிற்கிறேன்? அதைத் தேடிக்கொண்டு நாக்கு ஏன் போகிறது? போகாதே. யாருக்கும் தெரியாது. நாளைக்குக் காலையில் ஜோவிதா முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதுவாள், நான் பார்த்துக்கொண்டே தோசை வார்ப்பேன். அவ்வளவுதான். தோசை வார்க்க முடியுமா என்னால்? வினிகர் பாட்டிலை அலமாரியில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் தோசை வார்த்தவள்தானே, முடியும், எனக்கு நன்றாக முடியும், அதுதான் பயமாக இருக்கிறது. கலவை இறுகத் தொடங்குகிறது. நாற்பது கிண்ணத்திலும் ஊற்றினேன், ஒன்றிரண்டு விளிம்பில் வழிந்தது, விரலால் வழித்தேன், வழித்த விரலைத் துணியில் துடைத்தேன். நன்றாகப் பார்த்துத் துடைத்தேன். தட்டைப் பால்கனிப் பனியில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

வந்தால் செம்பு. உள்ளே இன்னும் இருக்கிறது. தாளில் ஒரு டம்ளர்தான், ஒரு டம்ளர்தான் ஊற்றினேன், இன்னும் அரை டம்ளர் இருக்கிறது. ஏன் வைத்தார்? ஒன்று என்று தாளில் எழுதியிருக்கிறதே, அவருக்குப் படிக்கத் தெரியாதா? சோதிக்கிறாரா? சாயங்காலம் வந்து செம்பைச் சாய்த்துப் பார்ப்பாரோ, எவ்வளவு மிச்சம் என்று? ஒரு நிமிஷம் எனக்கு அப்படிக் கோபம் வந்தது, பதினாறு வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனுஷன்மேல், கோபம் வந்தது நல்லதாகக்கூட இருந்தது, கோபத்தில் ஒரு மடக்குக் குடித்தால் அது அவர் குற்றம், என் குற்றம் இல்லை. இந்த ரீதியில் நினைக்க எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஆனால் ஸ்டானியா சோதிப்பார்? அந்த மனுஷனுக்குச் சீட்டாட்டத்தில்கூட ஏமாற்ற வராது. அரிசியை எத்தனை உழக்கு போடச் சொன்னாலும் போட்டுவிட்டு மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார், யாராவது திடீரென்று வந்தால் என்ன செய்ய என்பார், வின்னிபெக்கில் யார் திடீரென்று வருவார்கள், பதினோரு வருஷமாக ஒருத்தரும் வரவில்லை, அந்த ஒரு பிடிச் சோறு தினமும் மிஞ்சும். இதையும் அப்படித்தான் அளந்திருக்கிறார். ஒரு டம்ளர், மேலே கை நிறைய. கை அதுபாட்டுக்கு ஊற்றியிருக்கும். அவர் கையும் என் கை மாதிரியே. கோபம் போய்விட்டது. கோபம் போனதும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டது.

தொட்டியில் ஊற்று. ஊற்றிவிட்டுக் குழாயைத் திற. எவ்வளவு நேரம் ஆகும், மூன்று விநாடி. செம்பைக் கையில் எடுத்தேன். எடுத்துக்கொண்டு தொட்டி பக்கம் வந்தேன். நின்றேன். மணி இரண்டு முப்பத்தெட்டு. ஜோவிதா வர எழுபத்திரண்டு நிமிஷம் இருக்கிறது, பார், கணக்கு எப்படி உடனே வருகிறது. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கூரையில் ஒரு ஆள் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருக்கிறான், இந்தக் குளிரில், கையுறையைக் கழற்றிவிட்டு ஊதி ஊதிக் கட்டுகிறான். ஊற்று. இதோ ஊற்றுகிறேன். செம்பு விளிம்பு ஜில்லென்று இல்லை, அடுப்புப் பக்கம் இருந்ததால் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஊற்றினால் வாசனை எழும்பும். ஊற்றாவிட்டால்? தட்டைப் போட்டு மூடி, அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்தினால் திறக்கத் தெரியாதா எனக்கு. வேண்டும் போல இருக்கிறதா என்று இந்த முந்நூற்றுப் பதினோரு நாளில் எத்தனை பேர் கேட்டார்கள், டாக்டர் கேட்டார், புதன்கிழமைக் கூட்டத்தில் கேட்டார்கள், அவரும் எப்போதாவது தயங்கித் தயங்கிக் கேட்பார், "ஒனக்கு அந்த நெனப்பு வருதா பிலோ?" என்று. எல்லோரிடமும் நான், சீச்சீ, அந்த வாசனையே பிடிக்கலை, என்றேன். ஒருத்தரிடமாவது உண்மையைச் சொன்னேனா? வலது கையில் செம்பு இருந்தது, இடது கையால் போனை எடுத்தேன். வேலை நேரத்தில் நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், போன் சத்தம் கேட்குமோ கேட்காதோ. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னாச்சு? பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஸ்கூல்லதான் இருக்கா."  பின்னால் ஏதோ வண்டி பீப் பீப் என்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. "ஏங்க, நான் நக்கிட்டேன்."

"என்னது?"

"சீனி பாக்கதுக்கு. கையில ஒரு சொட்டு விட்டு. யோசிக்காம."

பீப் சத்தம் நின்றது. அவர் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். 

"சீனி சரியா இருந்துச்சா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ போய்விட்டது. மூக்கைத் துடைக்கக் கை இல்லை, ஒன்றில் போன், ஒன்றில் செம்பு.

"ஜோவிகிட்ட என்ன சொல்ல? நாளைக்கு ஒண்ணுன்னு எழுதச் சொல்லவா?"

"அதெல்லாம் அவட்ட ரெண்டு பேருமாச் சொல்லுவோம். அவ என்ன எழுதணுமோ எழுதட்டும். ஒரு சொட்டுதான?"

இங்கே ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். அவர் நிம்மதியாக வண்டியைத் திரும்பக் கிளப்பியிருப்பார். ஆமாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"செம்புல இன்னும் அரை டம்ளர் இருக்கு. கையில வச்சிட்டு நிக்கேன். கீழ ஊத்த முடியல." அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் விடவில்லை. "எனக்கு வேணும் போல இருக்கு. இப்ப மட்டும் இல்ல, எப்பவுமே. தெனமும் இருந்துச்சு. ஒங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டே இருந்தேன்."

சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டுக் கூரையில் அந்த ஆள் இறங்கிப் போய்விட்டிருந்தான். போனில் அவர் யாரிடமோ இங்கிலீஷில், வீட்டில் அவசரம், போகிறேன் என்று சொல்வது கேட்டது, அப்புறம் பெரிய கதவு உருளும் சத்தம், அப்புறம் காற்று.

"பிலோ, போனை வச்சிராத. நான் வாரேன்."

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆவும்."

"ஆவட்டும். நீ பேசிட்டே இரு."

"என்ன பேச?"

கர கரவென்று ஒரு சத்தம். கார்க் கண்ணாடியில் படிந்த ஐஸைச் சுரண்டுகிறார், போனை எங்கோ இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்குகிறது அவருக்கு.

"இப்ப சொன்னல்லா, அதையே சொல்லு."

"எனக்கு வேணும் போல இருக்கு" என்றேன்.

"சரி" என்றார்.

"ரொம்ப வேணும் போல இருக்கு."

"சரி. கார்ல ஏறிட்டேன். சொல்லு."